இடுப்பு அங்கிள் எழுதிய ஒரே குறை

இந்த ரொறன்ரோ மாநகரத்தில் பத்து வருடமாக வாட்டசாட்டமான ஆண்பிள்ளைகளின் இடுப்பை உற்றுப் பார்த்து, அதற்குச் சம்பளமும் வாங்கி, ஒரு தடவைகூட அடி வாங்காமல் வீடு வந்து சேர்ந்த ஒரே தமிழர் எங்கள் இடுப்பு அங்கிள்தான்.

பெயரைக் கேட்டு யாரும் பிழையாக நினைக்கவேண்டாம். என் அம்மா நினைத்தார். ஒருநாள் என் கைபேசி சமையலறை மேசையில் கிடந்து அடித்திருக்கிறது. திரையில் 'இடுப்பு அங்கிள்' என்று பெயர். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா செபமாலையைக் கையில் எடுத்திருந்தார்.

"ஆரடி உது?"

"என்னோட வேலை செய்யிறவர் அம்மா. யூனிவெர்சிற்றிப் பெடியளின்ரை இடுப்பைப் பார்த்து ஆர் திறம் எண்டு சொல்லுறவர்."

இந்த விளக்கம் நிலைமையை மோசமாக்கியது. அன்றிரவு அப்பா என்னை உட்காரவைத்து, படித்த பிள்ளைக்கு வேறு வேலை கிடைக்காதா என்று மெதுவாகக் கேட்டார்.

ஆகவே விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டு ஃபுட்போல் காலால் உதைக்கும் விளையாட்டு அல்ல. எங்கள் ஆட்கள் 'முட்டைப் பந்து' என்பார்களே, அது. முன்னால் மலைமலையாக ஒரு வரிசை நிற்கும். அந்த வரிசைக்குப் பின்னால் நின்று, பந்து எந்தப் பக்கம் போகப்போகிறது என்று கண்டுபிடித்து, கொண்டுபோகிறவனைப் பாய்ந்து விழுத்துபவன் லைன்பேக்கர். வருடத்துக்கு ஒருமுறை, பல்கலைக்கழகங்களில் விளையாடி முடித்தவர்களைத் தொழில்முறைக் கழகங்கள் முறை வைத்துப் பெயர் சொல்லி எடுக்கும். அதுதான் ட்ராஃப்ட். அதற்கு முதல், எவன் தேறுவான் எவன் தேறமாட்டான் என்று பார்த்து அறிக்கை கொடுக்க ஒவ்வொரு கழகத்திலும் ஆட்கள் இருப்பார்கள். நான் வேலை பழகப்போன கழகத்தில் லைன்பேக்கர்களுக்கென்று இருந்தவர் இடுப்பு அங்கிள்.

அவர் ஒருநாளும் அந்த விளையாட்டை விளையாடியவர் அல்ல. பஸ் சாரதி. வார இறுதிகளில் பல்கலைக்கழக அணிகளை ஊர் ஊராக ஏற்றி இறக்குபவர். ஆட்டம் முடியும்வரை காத்திருக்கவேண்டும் என்பதால் பார்க்கத் தொடங்கினார். பார்க்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாத ஆள். ஒருநாள் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடம், அந்த எட்டாம் இலக்கக்காரன் இனி வலப்பக்கம் திரும்பவே மாட்டான், அவன் இடுப்புப் பூட்டிக்கொண்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அவன் ஆட்டம் முடியும்வரை வலப்பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெரியவர்தான் கழகத்தின் தேர்வுப் பிரிவுத் தலைவர். அடுத்த வாரமே அங்கிளுக்குப் பகுதிநேர வேலை. பஸ்ஸை மட்டும் விடமாட்டேன் என்றார். பஸ் இல்லாவிட்டால் கண் தெரியாது என்றார்.

அது உண்மை. மற்றக் கழகங்களின் ஆட்கள் நிறுத்துகடிகாரத்தோடு ஓட்டப்பாதையின் முடிவுக்கோட்டில் நிற்பார்கள். அங்கிள் வாகனத் தரிப்பிடத்தில் நிற்பார். பெடியன்கள் பஸ்ஸின் மூன்று படிகளை எப்படி இறங்குகிறார்கள் என்று பார்ப்பார். சரிந்து இறங்குபவனுக்கு முழங்கால் சரியில்லை. கம்பியைப் பிடித்து இறங்குபவனுக்குத் தோள்மூட்டு. "தலை பொய் சொல்லும், கண் பொய் சொல்லும், ஓடுற காலும் பொய் சொல்லும். இடுப்பு சொல்லாது" என்பது அவருடைய வேதவாக்கியம்.

ஒரு தேர்வு முகாமில், யாரோ ஒரு ஆள் தரிப்பிடத்தில் நின்று எங்கள் இடுப்பைப் பார்க்கிறான் என்று லைன்பேக்கர்கள் முறையிட்டு, காவலாளி வந்துவிட்டார். வந்தவர் நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கியிருந்த ஒரு தமிழர். விசாரிக்கத்தான் வந்தார். நான் வீடியோக் கருவியை எடுத்துக்கொண்டு திரும்பியபோது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, இடுப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உவன் சரிவரான் அண்ணை" என்று காவலாளி தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அங்கே எப்படி வந்தேன் என்றும் சொல்லவேண்டும். அப்பா மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் படிக்கப் போன முதல் ஆள் நான். அம்மா எனக்கு முன்பே போயிருக்கிறார், ஆனால் அது தரை துடைக்க. விளையாட்டு முகாமைத்துவத்தில் கடைசி வருடம் இந்தக் கழகத்தில் இடம் கிடைத்தபோது, அடையாள அட்டையைக் குளிர்க்கோட்டுக்கு மேலே தெரியும்படி மாட்டிக்கொண்டு மோர்னிங்சைட் பஸ்ஸில் ஏறியவள் நான். அங்கிளுக்கு ஆங்கிலம் பேச வரும், எழுத வராது. அவர் தமிழில் சொல்வதை ஆங்கில அறிக்கையாக எழுதுவது என் வேலை. என் ஆங்கிலத்தில் எனக்கு இருந்த கர்வத்தை இங்கே மறைக்கப்போவதில்லை.

எங்களுக்குள் சண்டை ஒரு பெட்டியால் வந்தது. அறிக்கைப் படிவத்தில் 'நிறைகள்' என்று ஒரு பெட்டி, 'குறைகள்' என்று ஒரு பெட்டி. நிறைகளை அங்கிள் பெருநாள் சமையல்போல அள்ளிப் போடுவார். குறைகளுக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்வார்.

"பெட்டி இருக்கு அங்கிள். நிரப்பத்தானே வேணும்?"

"கதிரை இருக்கெண்டு கண்ட கதிரையில எல்லாம் இருக்கிறமே, பிள்ளை? குறையை வாயால சொல்லோணும். எழுத்தில வைக்கக்கூடாது. எழுதினது பெடியனுக்கு முதல் போய் அடுத்த வீட்டு வாசல்ல நிக்கும்."

கலியாணப் பேச்சில் எங்கள் ஆட்கள் செய்வது அதுதான். மாப்பிள்ளை குடிகாரன் என்று ஒருவரும் கடிதத்தில் எழுதுவதில்லை. தொலைபேசி எடுத்து, குரலைத் தாழ்த்தி, நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம் என்று தொடங்குவார்கள். அங்கிள் அதை ட்ராஃப்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு வியாழக்கிழமை பின்னேரமும் பெரியவருக்கு அழைப்பார். "சேர், நம்பர் ஃபிஃப்ரி ரூ, வெரி குட் போய், வெரி குட் ஃபமிலி. பட் சேர், லெஃப்ற் சைட், நோ." அவ்வளவுதான். பெரியவருக்கு விளங்கும். அவரும் எழுதிவைக்கமாட்டார். படிவத்தில் பெட்டி வெறுமையாகவே கிடக்கும்.

இது பட்டிக்காட்டு வேலை என்று ஒருநாள் நான் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. தன்னுடைய அகதி வழக்கைப் பற்றிச் சொன்னார். கேள்வி கேட்ட அதிகாரி கோப்பில் ஒரு வரி எழுதினாராம், இந்த மனிதர் என் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரில்லை என்று.

"அந்த ஒரு வரிக்கு என்ரை மனிசி ஏழு வருசம் ஊரிலையே நிண்டவ, பிள்ளை. நான் ஏன் அவரின்ரை கண்ணைப் பாக்கோணும்? நான் இடுப்பைத்தான் பார்த்தனான். ஆள் சரியான சோம்பேறி."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இனிக் கெவினுக்கு வருகிறேன். அது அவனுடைய பெயர் அல்ல. இதை எழுதும்படி சொன்னவன் அவன்தான்.

கெவின் எங்கள் மோர்னிங்சைட் பகுதிப் பெடியன். எங்கள் கோயில். அவனுடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே வாங்குப் பலகையில் இருந்து பூசை காண்பவர்கள். நாற்பத்தோராம் இலக்க லைன்பேக்கர். அவன் திரும்புவதைப் பார்த்தால் எண்ணெய் விட்ட கதவு திறப்பதுபோல இருக்கும். எங்கள் ஆட்களில் இருந்து ஒருவன் ட்ராஃப்டில் பெயர் சொல்லி எடுக்கப்படுவதா என்று நினைக்கவே எனக்கு நெஞ்சு விம்மியது. அங்கிள் அவனைப் பற்றி ஒருமணி நேரம் சொன்னார். குறைகள் பெட்டிக்கு வந்ததும் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டார். நானும் வழக்கம்போல வெறுமையாக விட்டேன். என் வாழ்க்கையில் அதைவிட அழகாக ஒரு பக்கம் நான் எழுதியதில்லை.

அந்தக் குளிர்காலத்தில், அடுத்த வியாழக்கிழமை அழைப்பு வருமுன்பே, பெரியவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்த தலைவர் மேசையில் மூன்று திரைகள் வைத்திருந்தார். அவருடைய முகம் எந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. வியாழக்கிழமை அழைப்புகளை அவர் எடுப்பதில்லை. செய்தி விடச் சொல்லி இயந்திரம் சொல்லும். அங்கிள் விடமாட்டார். குரலைப் பதிவதும் எழுத்துத்தான் என்பது அவர் கட்சி.

ட்ராஃப்டுக்கு நாலு நாள் இருக்கும்போது, அலுவலகச் சுவரில் எடுக்கப்போகிறவர்களின் பட்டியல் ஏறியது. லைன்பேக்கர்களில் முதலாவது பெயர் கெவின். நான் அம்மாவுக்கு உடனே அழைத்துச் சொன்னேன். பின்னேரப் பூசை முடிவதற்குள் மோர்னிங்சைட் முழுக்கத் தெரிந்துவிட்டது. அங்கிளிடம் நேரில் சொல்லவேண்டும் என்று பஸ் பணிமனைக்கு ஓடினேன். அவர் நீண்ட தூரிகையால் பஸ்ஸைக் கழுவிக்கொண்டு நின்றார். சொன்னேன். அவர் முகம் மலரவில்லை.

"பெட்டியை வெறுமையா விட்டனாங்கள். என்ன எண்டு கேக்கேல்லையே?"

"ஒருத்தரும் கேக்கமாட்டினம் அங்கிள். வெறுமையா இருந்தா கொம்பியூட்டர் குறை இல்லை எண்டு எடுத்து முழுப் புள்ளி போடும்."

தூரிகையை மெல்லச் சுவரோடு சாத்தினார். பத்து வருடமாக வெறும் பெட்டி என்றால், 'என்னைக் கூப்பிட்டுக் கேள்' என்று அவருக்கும் பெரியவருக்கும் அர்த்தம். அவ்வளவு காலமும் வேறு அர்த்தம் ஒன்று இருக்கக்கூடும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"பிள்ளை, நாங்கள் அந்தப் பெடியனைக் கொல்லப்போறம்" என்றார்.

பிறகுதான் சொன்னார். போன பருவத்தின் கடைசி ஆட்டம் ஒட்டாவாவில். கெவின் ஒருவனோடு தலையோடு தலை மோதி விழுந்து, எழும்பி விளையாடினான். எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பி வரும்போது அவன் முன் இருக்கையில் வந்து இருந்து, வெளிச்சம் குத்துகிறது என்று கோட்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் கேட்டான். "அங்கிள், நாங்கள் இப்ப போறமா, வாறமா?" அங்கிள் பதில் சொன்னார். வழியில் கிங்ஸ்டன் தாண்ட மறுபடி கேட்டான். ஓஷவாவில் மூன்றாம் தடவை. பயிற்சியாளருக்குச் சொல்லவேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டான். நாளைக்கே டொக்டரிடம் போவதாகச் சத்தியம் செய்தான். போகவில்லை. அது இரண்டாவது அடி என்பதும் அங்கிளுக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை இருவரும் மூன்று திரைக்காரரிடம் போனோம். அங்கிள் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, சேர், நம்பர் ஃபோர்ட்டி வன், வெரி குட் ஃபமிலி என்று தொடங்கினார். தலைவர் கையை உயர்த்தி நிறுத்தினார். வீரர்களைப் பற்றி வாயால் எதுவும் கேட்பதில்லை, அது புதிய விதி, காதால் கேட்டதற்கு நாளைக்கு யாரும் பொறுப்புச் சொல்லமுடியாது, எதுவானாலும் கணினிச் சிஸ்ரத்தில் ஏற்றுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அங்கிள் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார்.

"இப்பவே ஏத்துவம் அங்கிள். அஞ்சு நிமிச வேலை."

"அவனுக்குச் சொல்லாமல் அவனைப் பற்றி எழுதேலாது" என்றார்.

அவனுடைய அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, தரிப்பிடத்தில், அவனைச் சந்தித்தோம். மழை முகில் மூடிய நாள். அவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். கேக் ஓடர் பண்ணியாகிவிட்டது என்றும், கோயில் மண்டபத்தில் பெரிய திரை வைக்கப்போகிறார்கள் என்றும் என்னைப் பார்த்துச் சொன்னான். யார் அந்தச் செய்தியைக் கோயிலுக்குக் கொண்டுபோனது என்று எனக்குத் தெரியும். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"கண்ணாடியைக் கழட்டு தம்பி" என்றார் அங்கிள்.

கழற்றினான். அந்த மங்கல் வெளிச்சத்துக்கே கண் சுருங்கித் தண்ணீர் கட்டியது.

"இற்'ஸ் நதிங், அங்கிள். சும்மா தலையிடி. ரெண்டு சீஸன் விளையாடினாக் காணும். அம்மாவை வேலையால நிப்பாட்டிப்போடுவன்."

"நீயே கழகத்துக்குச் சொல்லு. நீ சொன்னால் நான் எழுதத் தேவையில்லை."

"என்னால ஏலாது."

"அப்ப நான் எழுதப்போறன். சொல்லிப்போட்டு எழுதோணும் எண்டுதான் வந்தனான்."

கெவின் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தான். 

"ஆர் கெடுத்தது எண்டு கேட்டால் என்ரை பேரைச் சொல்லு" என்றார் அங்கிள். "ஊர் முழுக்கச் சொல்லித் திட்டு. ஆனால் ஏன் எழுதினனான் எண்டு என்ரை வாயால ஒருத்தருக்கும் வராது. அது உன்ரை. நீ சொல்லுறதெண்டால் சொல்லு."

"ஐ'ல் நெவர் ஃபர்கிவ் யூ, அங்கிள்."

"ஓம் தம்பி" என்றார்.

பஸ்ஸுக்குள் இருந்து எழுதினோம். நான் மடிக்கணினியோடு முன் இருக்கையில். அவர் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, ஓடாத பஸ்ஸை ஓட்டுகிறவர்போல முன்னால் பார்த்துக்கொண்டு. மூன்று வரிக்கு அந்தப் பின்னேரம் முழுவதும் போனது. தலையில் இரண்டு தடவை அடிபட்டிருக்கிறது. மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை எடுக்கவேண்டாம். இதில் பெடியனுடைய பிழை ஒன்றும் இல்லை. கடைசி வரிக்குப் படிவத்தில் இடம் போதவில்லை. அது தேவையில்லை அங்கிள், அதை யாரும் பார்க்கப்போவதில்லை என்றேன். மற்றப் பக்கத்தில் எதையாவது வெட்டு, அது நிற்கவேண்டும் என்றார். எண்ணெய் விட்ட கதவு என்று நான் நிறைகளில் எழுதியிருந்த வரியை வெட்டினேன். இடம் கிடைத்தது.

எழுதியவர் பெயர் என்ற இடத்தில் வழக்கமாக என் பெயரும் இருக்கும். அதை அழிக்கச் சொன்னார்.

"நானும்தானே எழுதினனான்."

"நீ இன்னும் எத்தினை வருசம் அந்தக் கோயிலுக்குப் போகோணும், பிள்ளை. அழி."

அழித்தேன். என் பெயர் எங்கே அச்சானாலும் வெட்டி வைத்திருக்கும் பெண் நான். அன்றைக்கு அழித்தேன்.

ட்ராஃப்ட் நாளில் கோயில் மண்டபத்தில் கடைசிச் சுற்றுவரை எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். வேறு ஊர்ப் பெடியன்களின் பெயர்கள் எல்லாம் வந்துபோயின. அங்கிள் சொன்னதுபோல, எழுதிய மூன்று வரியும் அவனுக்கு முதல் மற்றக் கழகங்களின் வாசலுக்கும் போயிருந்தது. கேக்கை ஒருவரும் வெட்டவில்லை, அதில் கெவினின் இலக்கம் எழுதியிருந்தது என்று அம்மா சொன்னார். இரண்டு நாளில் யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது. கெவின் சொன்னானா, வேறு வழியில் வந்ததா, நான் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அதற்குப் பிறகு வேறு பேச்சு இல்லை. வெள்ளைக்காரன் எடுக்கத் தயாராய் இருந்தான், தமிழன்தான் தமிழனைக் கவிழ்த்தான் என்றார்கள். மோர்னிங்சைட் கடைக்குள் அங்கிள் வந்தால் வரிசை சற்று விலகும். ஒருநாள் கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார்.

"உன்ரை இடுப்பு அங்கிளுக்கு உந்தப் பெடியன் என்னடி செய்தவன்?" என்று அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார். நான் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றேன். ஒரு சொல், ஒரே ஒரு சொல் அவர் சொல்லியிருந்தால் அந்த ஊர் முழுக்க அவர் கையைப் பிடித்திருக்கும். அவர் சொல்லவில்லை. என்னாலும் சொல்லமுடியாது.

கெவின் பிறகு மருத்துவரிடம் போனான். அவனுடைய அம்மாவே இழுத்துக்கொண்டு போகவேண்டிய அளவுக்குத் தலையிடி வந்துவிட்டது. இனி அவன் அந்த விளையாட்டைத் தொடக்கூடாது என்று சொன்னார்கள். இன்னொரு அடி விழுந்திருந்தால் என்ன என்பதையும் சொன்னார்களாம். அதை அவன் எனக்கு முழுதாகச் சொல்லவில்லை. இப்போது ஒரு பாடசாலையில் சின்னப் பெடியன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். சில நாட்களில் இன்னும் வெளிச்சம் குத்தும். இந்த வருடம் பெரிய வெள்ளிக்குப் பிறகு அவன் அங்கிளின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறான். உள்ளே என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லமாட்டார்கள். மறுநாள் அவன் எனக்கு அழைத்து, "அக்கா, எழுதுங்கோ. எல்லாத்தையும் எழுதுங்கோ" என்றான்.

அதற்கு முன் இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அந்த இரண்டில் முதலாவதில், ஒருநாள் வேலை விடயமாக ஸ்ரௌவ்வில்லுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், அங்கே இருந்த ஒரேயொரு தமிழ்க் கடைக்குள் நுழைந்தேன். சின்னக் கடை. பின்பக்கத்தில், மரக்கறித் தட்டுக்கு முன்னால், இடுப்பு அங்கிள் பையை விரித்துக்கொண்டு நின்றார். மோர்னிங்சைட்டில் அவர் வீட்டுக்குக் கீழேயே கடை இருக்கிறது. இது முக்கால்மணி நேர ஓட்டம், அதுவும் பனி கொட்டும் நாளில்.

"என்ன அங்கிள், இவ்வளவு தூரம்?"

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"இஞ்சைக் கத்தரிக்காய் திறம், பிள்ளை."

வாடிச் சுருங்கி, காம்பு கறுத்துப்போன கத்தரிக்காய். நானும் ஒரு பையை எடுத்து, அவருக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு இறாத்தல் தெரிந்தெடுத்துப் போட்டுக்கொண்டேன்.